முனிரத்தினத்தை அழவைத்தது நான்

கண்ணு, இதை உன் அம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் நம்பர் போட்டிருக்கிறேன். வரிசை மாறி வந்தால் நீயே அடுக்கிப் படித்துக்கொள். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு நாளாக முயன்று பார்த்தேன், முடியவில்லை. போனைக் கையில் எடுத்தால் எனக்கு வாயில் வருவதெல்லாம் அங்கே பனி விழுந்ததா, இங்கே தண்ணீர் வரவில்லை என்பதுதான். எழுபத்திரண்டு வயதில் அந்தப் பழக்கத்தை இனி மாற்றிக்கொள்ள முடியாது. பேனா பிடித்தால் கொஞ்சம் நேராகப் பேசுவேன் என்று உன் அம்மா சொல்கிறாள். நேராகப் பேசுகிறேனா இல்லையா என்று நீயே பார்த்துக்கொள். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், சாப்பிட்டுவிட்டு உட்கார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ பேசியதிலிருந்து தொடங்குகிறேன். "நைனா, உங்க ஆசை நடந்துடுச்சு. வேலைக்குப் போறேன்" என்றாய். பெரிய கம்பெனி, அவர்களுடைய விளம்பரப் படங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு, சனி ஞாயிறு லீவு, ஒன்றாம் தேதி கையெழுத்து. பதினைந்து வருஷமாக நான் உன்னிடம் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். கேட்டதும் அரை நிமிஷம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லமாட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பி உன் அம்மாவுக்குக் கையைக்கூட ஆட்டினேன். அதற்கு அப்புறம் நீ இன்னொன்று சொன்னாய். "இனிமே படம் வேணாம் நைனா. முன்ன பின்ன தெரியாத ஆளுங்கள எல்லாம் நடிக்க வெச்சேன். என்னத் தூக்கி வளத்த சித்தப்பாவ நடிக்க வெக்க முடியல. எனக்கு இந்தத் தொழில் வரலன்னு அங்கியே தெரிஞ்சிபோச்சு." நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "சரி, சாப்டியா" என்று கேட்டேன். போனை வைத்த பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டேன். உன் படத்தில் உன் சித்தப்பா முனிரத்தினத்தின் நடிப்பு கெட்டுப்போனதற்குக் காரணம் நீ இல்லை. அவனும் இல்லை. நான்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் நீ ஒன்றாம் தேதி கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எப்படி என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேச வேண்டியிருக்கிறது. நீ மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மேல்படிப்புக்கு என்றுதான் அமெரிக்கா போனாய். இரண்டாம் வருஷம் ஒருநாள் போன் பண்ணி, அதை விட்டுவிட்டு சினிமா படிப்பில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாய். ஐந்து மாசம் நான் உன்னோடு பேசவில்லை. உன் அம்மா பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், போனை நீட்டினால் எழுந்து போய்விடுவேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் நீ கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாய் என்றே சொல்லி வந்தேன். அது ஒரு தடவை சொன்ன பொய் இல்லை, வருஷக்கணக்கில் சொன்னது. உன் தங்கை கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்குக் கீழே சாஃப்ட்வேர் இன்ஜினியர், அமெரிக்கா என்று அச்சடித்தேன். கல்யாணத்துக்கு வந்த நீ அந்தப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தாய், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாய். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது சுலபம். நீ கேட்காமல் விட்டது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

உன் முதல் படத்தை நீ குடியிருந்த வீட்டிலேயே எடுத்தாய். வீட்டுக்காரக் கிழவிதான் கதாநாயகி. கிழவனும் கிழவியும் வீட்டைக் காலி செய்வதற்காகப் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்கிறார்கள், அவ்வளவுதான் கதை. அதை எடுக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கேமரா ஒருவனிடம் இரவல், விளக்கு இன்னொருவனிடம் இரவல், நீயே சூப் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினாய். பிறகு ஒரு வருஷம் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக்கொண்டே அந்தப் படத்தையும் வெட்டி ஒட்டினாய். ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. இரண்டாம் நாள் ஏழு பேர் வந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிவிட்டார் என்று சொல்லி நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டாவது படம், கண் பார்வை குறைந்ததை மறைத்து வேலை செய்கிற பள்ளிக்கூட பஸ் டிரைவர். அதற்கு எங்கோ ஒரு விழாவில் பரிசு கிடைத்தது. அங்கத்துப் பத்திரிகை ஒன்றில், படத்தில் யாருமே நடிப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். நீ அதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினாய். உன்னைத் திட்டியிருக்கிறார்கள், அது புரியாமல் பையன் குதிக்கிறானே என்று நான் உள்ளுக்குள் வருத்தப்பட்டேன். உன் அம்மாவிடம் சொல்லி அவளையும் வருத்தப்பட வைத்தேன்.

எனக்குத் தெரிந்த சினிமா வேறு. தங்கச் சுரங்கத்து வெள்ளைக் கழிவு மண் மலையாகக் குவிந்திருக்கிற சைனைடு மேட்டில் பெரிய கம்பெனிக்காரர்கள் படம் எடுக்க வந்தபோது நம் பக்கத்து ஆட்களையெல்லாம் கூட்டத்தில் நிற்க வைத்தார்கள் அல்லவா, நானும் முனிரத்தினமும் பதினோரு நாள் போனோம். அங்கே போனதும் முதல் வேலை, அந்த மேட்டு மண்ணை அள்ளி முகத்திலும் தலையிலும் பூசுவார்கள். சட்டையைக் கிழித்துவிடுவார்கள். மைக்கில் ஒருவர் கத்துவார், நாங்கள் எல்லோரும் நெஞ்சில் அடித்துக்கொண்டு ஓட வேண்டும். சத்தம் போதாவிட்டால் மறுபடியும் ஓட வேண்டும். நான் நன்றாகக் கத்துகிறேன் என்று என்னை முன்வரிசைக்கு மாற்றினார்கள். முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் வேலை செய்து வாங்காத பெயரை அந்தப் பதினோரு நாளில் வாங்கிவிட்ட மாதிரி நடந்துகொண்டேன். பஜாரில் யாராவது சினிமாவைப் பற்றிப் பேசினால் நான் போய் நடுவில் உட்கார்ந்துகொள்வேன்.

போன வருஷம் பொங்கல் முடிந்து நீ மூன்றாவது படம் எடுக்க இங்கே வந்தபோது, ஊருக்கே சினிமா என்றால் அந்தப் படிப்புதான் இருந்தது. உன்னோடு வந்தது மூன்றே பேர். கேமராப் பெண், மைக் பிடிக்கிற பையன், உன் எமிலி. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அந்தப் பெண் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் காலை, நம் லைன் வீட்டு வரிசை ஆட்களை அவரவர் வேலையைப் பார்க்கிறபடி எடுக்கப் போகிறேன், எட்டு மணிக்கு வாசலில் இருங்கள் என்று சொல்லியிருந்தாய். எட்டு மணிக்கு அந்த வரிசை முழுக்க வெள்ளை வெளேரென்று நின்றது. ஆண் பெண் குழந்தை அத்தனை பேரும் விடிவதற்கு முன்னால் மேட்டுக்குப் போய் மண்ணைப் பூசிக்கொண்டு, இருப்பதிலேயே கிழிந்த துணியாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பெண்கள்கூட அன்றைக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கோலத்தில் நின்றார்கள். உன் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரித்தேன். நீ ஒவ்வொருவரிடமும் கையைப் பிடித்து, "அக்கா, மூஞ்ச கழுவிக்கினு வாங்க, தெனமும் எப்பிடி இருப்பீங்களோ அப்பிடியே வாங்க" என்று கெஞ்சினாய். அவர்களுக்கு அது அவமானமாகப் போய்விட்டது. தினமும் இருக்கிற மாதிரி இருப்பதற்கு எதற்குப் படம் என்று நாலு பேர் என்னிடம் வந்து கேட்டார்கள். நான் உன் பக்கம் பேசவில்லை. "அவன் அமெரிக்காவுல கத்துக்கினது அப்பிடி, இன்னா பண்றது" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் படத்தில் வெளியூர் மகனை எதிர்பார்க்கிற கிழவன் வேஷத்துக்கு நீ முதலில் என்னைத்தான் கேட்டாய். எனக்கு வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தேன். வேலை ஒன்றும் இல்லை. பயம்தான். முன்வரிசையில் நின்று கத்தச் சொன்னால் கத்துவேன், கேமரா என் முகத்துக்கு எதிரே வந்து நின்றால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்து வீட்டு முனிரத்தினத்தைப் பிடித்தாய். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவன் தோளில் உட்கார்ந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். ஆனால் சுரங்கத்துக்குள் எங்களுக்குள் இருந்த முறை உனக்குத் தெரியாது. பூமிக்குள் ஒவ்வொரு அடுக்கும் ஒரு லெவல், ஒவ்வொரு லெவலிலும், ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் வந்து நிற்கிற இடத்தில் ஒரு ஆள் மணி அடிக்க இருப்பான். எங்கள் லெவலில் அது நான். மேலே இன்ஜின் ரூமில் இருக்கிறவனுக்குக் கீழே நடப்பது எதுவும் தெரியாது, மணிச் சத்தம் ஒன்றுதான் தெரியும். ஒன்று அடித்தால் நிறுத்துவான், இரண்டு அடித்தால் இறக்குவான், மூன்று அடித்தால் ஆள் ஏறுகிறான் என்று எடுத்துக்கொள்வான். அந்த மணியை என்னைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. இரண்டு பேர் அடித்தால் மேலே இருப்பவனுக்குக் கணக்குத் தப்பும், கேஜில் இருப்பவன் உயிர் போகும். முனிரத்தினம் பதினெட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று வண்டி தள்ளினான். நான் ஏறு என்றால் ஏறுவான், நில் என்றால் நிற்பான். ஏன் என்று கேட்க அங்கே நேரமும் கிடையாது, வழக்கமும் கிடையாது. மேலே வந்த பிறகும் அவனுக்கு அது மாறவில்லை.

முதல் மூன்று நாள் அவன் எவ்வளவு நன்றாகச் செய்தான் என்று நீயே சொல்லிச் சொல்லிப் பூரித்தாய். கேமராப் பெண் அவனைப் பார்த்து ஏதோ இங்கிலீஷில் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கட்டிலைத் தட்டிப் போடுகிறான், மகன் வருவதற்காகப் புது சோப்பு வாங்கி வைக்கிறான், அதைப் பிரிக்கிறான். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, மறுநாள் எடுக்கப்போகிற கடைசிக் காட்சியை எல்லோருக்கும் சொன்னாய். மகன் காரில் ஏறிக் கிளம்புகிறான். கிழவன் கேட் பக்கத்தில் நிற்கிறான். கார் திரும்பி மறைகிறது. தண்ணீர் வருகிற நேரம், கிழவன் குழாய்க்குக் கீழே குடத்தை வைக்கிறான். படம் முடிந்தது. உன் அம்மா தலை குனிந்து சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். நீ முதல்முறை அமெரிக்கா கிளம்பிய அன்றைக்கு நான் செய்தது அதுதான். உன்னைக் கட்டிப் பிடிக்கவில்லை, போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர் வந்துவிட்டது என்று குடத்தை எடுத்தேன். காரின் பின்கண்ணாடி வழியாக நீ அதைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாய், இத்தனை வருஷம் வைத்திருக்கிறாய் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் படம் ஓடாமல் போய்விடுமோ என்ற கவலையும் எனக்கு இருந்தது. அதை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்தக் கிழவனை உலகம் பார்த்துவிட்டு இப்படியும் ஒரு அப்பனா என்று சொல்லுமே என்று எனக்கு வலித்தது. அவனை அழவைத்துவிட்டால் அவனுக்குள் பாசம் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நான் வாய் திறந்து சொல்லாததை உன் படத்தில் அவனை வைத்துச் சொல்லிவிடப் பார்த்தேன், கண்ணு. அதனால் அன்றைக்குச் சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டையில் காய்கறி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு முனிரத்தினத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். சர்ச்சுக்குப் பின்னால் காலி இடத்தில் நிறுத்தி அவனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தேன். கார் போனதும் பின்னாலேயே ஓடு, நெஞ்சில் அடித்துக்கொள், என் ராசா போறானே என்று கத்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார். நானே ஓடிக் காட்டினேன், உட்கார்ந்து காட்டினேன். வெட்கக்கேடு. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "தம்பி சும்மா நிக்கச் சொல்லிக்கிதேண்ணா" என்றான். "அவனுக்கு இன்னா தெரியும். நான் சொல்றத செய்யி. நான் சொன்னன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லாத" என்றேன்.

மறுநாளிலிருந்து நடந்தது உனக்குத் தெரியும், என் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நான் சொன்னபடி முழுசாகச் செய்ய அவனுக்கு மனசு வரவில்லை, நீ சொன்னபடி செய்ய என்மேல் இருந்த பயம் விடவில்லை. இரண்டடி ஓடுவான், நிற்பான், கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவான், பாதியில் இறக்குவான், முகத்தைக் கோணி அழுவான். நீ பக்கத்தில் போய் மெதுவாகப் பேசுவாய், அவன் மண்டையை ஆட்டுவான், மறுபடியும் அதையே செய்வான். கார் எத்தனை தடவை போய்த் திரும்பி வந்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை. நாலு நாள் அதே காட்சி. கடைசி நாள் நீ அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, "சித்தப்பா, இன்னா ஆச்சு உங்களுக்கு. மொத மூணு நாளு எவ்ளோ நல்லா செஞ்சீங்க. நான் எதுனா தப்பா சொல்லிட்டேனா" என்று கேட்டாய். அவன் என்னைத்தான் பார்த்தான். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். மூட்டை கட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பும்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஒரு வருஷமாக அந்தப் படம் முடிவில்லாமல் உன்னிடம் கிடக்கிறது, நானும் இங்கே வாயை மூடிக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் மணியை ஒருவன் தெரியாமல் தொட்டதற்கு அவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறேன். அவன் என்னைவிடப் பத்து வயது பெரியவன். அப்படிப்பட்ட நான் உன் மணியைத் தொட்டேன். நீ ஒன்று அடித்தாய், நான் பின்னால் இருந்து இரண்டு அடித்தேன், நடுவில் அவன் தொங்கிக்கொண்டிருந்தான். இதற்கு மேல் இதற்கு விளக்கம் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வந்த பிறகுதான் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா மனுஷங்க நீங்க" என்றாள். சாயங்காலம் அவளே பஜாருக்குப் போய் இந்த நோட்டு வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டாள். "இத்த நீங்களே எழுதுங்க. நான் சொன்னா, அப்பாவுக்குப் பரிஞ்சிக்கினு எதையோ சொல்றேன்னு நெனப்பான்" என்றாள். எழுதுவதற்கு முன்னால் முனிரத்தினத்திடம் போய்ப் பேசிவிட்டு வரவும் சொன்னாள். நேற்றுக் காலையில் போனேன். நம் கேட் பக்கம் கூப்பிட்டு, அன்றைக்கு உன்னை அப்படிச் செய்யச் சொன்னது என் தப்பு என்றேன். அவனிடம் தப்பு என்ற சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் சங்கடப்பட்டு, டீ குடிக்கலாம் வா என்றான். நான் விடவில்லை. தம்பி அன்றைக்கு முதலில் உன்னிடம் என்ன சொன்னான், அது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்லாம. செஞ்சி காட்டட்டுமா" என்றான். கேட் பக்கம் போய் நின்றான். நான் எதிர்ப்பக்கம், கேமரா இருந்த இடத்தில் நின்றேன். காரும் இல்லை, ஒன்றும் இல்லை. அவன் ரோட்டைப் பார்த்தான். எங்கேயோ ஒரு வண்டி போகிற மாதிரி அவன் தலை மெல்லத் திரும்பி, திருப்பத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். அப்புறம் திரும்பி, குடம் இல்லாத கையால் குடத்தை வைத்து, குழாயைத் திருகி, குனிந்தபடியே நின்றான். நிமிரவில்லை. தண்ணீர் வராத குழாய்தான் கண்ணு, ஆனால் குடம் நிரம்பிக்கொண்டே இருப்பது எனக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள், குனிந்தபடியே நிற்கத் தம்பி சொன்னானா என்று கேட்டேன்.

"கொடத்த வைக்கற வரிக்கும்தான் தம்பி சொன்னான். மிச்சம் நான் பாத்தது" என்றான். "அவன் மொத மொதல்ல அமெரிக்கா போன அன்னிக்கி நீ இப்பிடித்தான நின்னுக்கினு இருந்த. கொடம் ரொம்பி, தண்ணி வழிஞ்சி ரோட்டுக்குப் போச்சு. லைனே சத்தம் போட்டுது, உனக்குக் காதுல உழல. நாந்தான வந்து கொழாய மூடுனேன். தம்பி கதைய சொன்னதுமே எனக்குப் புரிஞ்சிபோச்சு, இவன் உன்னத்தான் சொல்றான்னு. மூணு நாளும் உன்ன மாதிரிதாண்ணா செஞ்சேன். நீ அன்னிக்கி அழல, அதான் நானும் அழல." அப்புறம் ஏன்டா நான் சொன்னதும் அழுதாய் என்று கேட்டேன். "நீ சொன்ன" என்றான். அவ்வளவுதான் அவன் பதில். நான் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதேபோல் சரிந்து உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா ஓடி வந்து தண்ணீர் கொடுத்தாள்.

குடம் நிரம்பி வழிந்தது உனக்குத் தெரிந்திருக்காது. உன் கார் அதற்குள் திருப்பம் தாண்டியிருக்கும். நீ பார்த்தது பாதிதான். மீதிப் பாதி முனிரத்தினத்திடம் இருந்தது, நீ ஒன்றும் சொல்லாமலேயே அதை அவனிடமிருந்து வெளியே எடுத்துவிட்டாய். அந்தக் கட்டிலைத் தட்டிப் போட்டதும் சோப்பைப் பிரித்ததும் என்னவென்று எனக்கு நேற்றுத்தான் விளங்கியது. உனக்குத் தொழில் வரவில்லை என்று நீ சொல்கிறாய். எழுதப் படிக்கச் சிரமப்படுகிற ஒரு ஆள், கேமரா இல்லாமல், ஒரு வருஷம் கழித்து, வெறும் கையோடு நின்று என்னை உட்கார வைத்துவிட்டான். அவனை அந்த இடத்தில் நிறுத்தியது நீ. நான் பதினோரு நாள் பழகிய சினிமாவில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உனக்குத் தொழில் வந்திருக்கிறது. இதைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கிறது, அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நான் உன்னை வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. வேலைக்குப் போவதில் ஒரு கேவலமும் இல்லை. சுரங்கத்தை மூடிய பிறகு நான் தினமும் ரயிலேறி பெங்களூர் போய் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பொத்தான் அழுத்தினேன், நம் வீடு அதில்தான் நடந்தது. எமிலிக்கும் முப்பது நாளும் இரண்டு பேர் வேலையைத் தனியாகத் தாங்க முடியாது. அவளிடம் உட்கார்ந்து பேசு, அவள் சொல்வதைக் கேள், என்னைப்போல் மழையைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து போகாதே. அலுத்துப்போய்விட்டது என்றால் விட்டுவிடு. உடம்புக்கு முடியவில்லை என்றால் விட்டுவிடு. வேறு ஏதாவது பிடித்திருக்கிறது என்றாலும் விட்டுவிடு. சித்தப்பாவிடம் தோற்றேன் என்று சொல்லி மட்டும் விடாதே, அது நடக்கவே இல்லை. அந்த ஒரு காட்சியை வந்து எடுக்க மனசிருந்தால் வா. அந்த நாட்களில் நான் கோலாரில் உன் தங்கை வீட்டில் இருக்கிறேன். பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவேன், சாயங்காலம் கூட்டி வருவேன், நம் பாலகாட் லைன் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். உன் அம்மா சாட்சி.

ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அது உன் முடிவு, நான் கேட்டு நச்சரிக்கமாட்டேன். ஆனால் இதைப் படித்ததும் ஒரு காரியம் செய். எனக்குப் போன் பண்ணாதே, முதலில் உன் சித்தப்பாவுக்குப் பண்ணு. டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நேற்று அவன்தான் சொன்னான். நீ போன பிறகு உன் போன் வந்தால் அவன் எடுப்பதில்லையாம். தம்பி அவ்வளவு தூரத்திலிருந்து வந்து, தன்னால் எல்லாம் வீணாய்ப்போய்விட்டது என்று, என்ன சொல்லிப் பேசுவது என்று தெரியாமல், போன் அடித்து ஓய்கிறவரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பானாம். நாளைக்குக் காலையில் உன் அம்மா போய் அவன் பக்கத்தில் உட்காருகிறாள், எடுக்க வைக்கிறாள். அவன் நன்றாக நடித்தான் என்று அவனிடம் உன் வாயால் சொல். அதற்கு அப்புறம் கோபம் மிச்சம் இருந்தால் எனக்குப் பண்ணு. இல்லாவிட்டாலும் பண்ணு.